இஷ்டம்போல லீவு உண்டு

பிப்ரவரி 3, திங்கள்

முதலில் வெட்கக்கேட்டை எழுதி முடித்துவிடுகிறேன். பிறகு நிம்மதியாக மற்றவர்களைப் பற்றி எழுதலாம். அந்தோணியம்மாளுக்கு ஊரிலிருந்து வந்த அதிரசப் பொட்டலத்தில் பாதி இப்போது என் வயிற்றில் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு வரும் பார்சலைப் பிரித்துப் பார்ப்பது வார்டனின் கடமை. உள்ளே சிம் கார்டு, எவனாவது எழுதிய காதல் கடிதம் இருந்தால் ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். அதிரசத்துக்குள் சிம் கார்டை வைத்துச் சுட முடியாதா? முடியும். அப்படியானால் பிட்டுத்தானே பார்க்க வேண்டும்? பிட்ட அதிரசத்தை ஒட்டித் திருப்பிக் கொடுக்கவா முடியும்? இப்படியே ஒவ்வொன்றாகக் கடமை ஆற்றினேன். சிம் கார்டு இல்லை.

மீதியைக் கொடுத்தபோது அந்தோணியம்மாள் பொட்டலத்தைக் கையில் தூக்கி எடை பார்த்தாள்.

"எங்கம்மா கஞ்சம்னு தெரியும் வார்டம்மா. இம்புட்டுக் கஞ்சமாயிரும்னு நெனைக்கல."

"விலைவாசி அப்படிடி" என்றேன்.

"மோவாயில எண்ண வழியுது. தொடச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சிவகங்கைப் பக்கத்து வாய்.

என் பெயர் வசந்தகோகிலம். பேர்தான் குயில், குரல் மழைக்காலத் தவளை. திண்டுக்கல்லிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இந்த நூற்பாலையின் பெண்கள் விடுதிக்கு வார்டன். நூல் ஏஜெண்டு கொடுத்த டைரியில் வருஷா வருஷம் பால் கணக்கு எழுதுவேன். இந்த வருஷம் மனக்கணக்கு எழுதத் தொடங்கியிருப்பதற்குக் காரணம் பயம். பயம் வந்தால் எனக்கு ஒன்று தின்ன வேண்டும், இல்லை பேச வேண்டும். தின்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

வரும் பதின்மூன்றாம் தேதி ஆடிட். பணக்கணக்கு ஆடிட் இல்லை. எங்கள் நூல் திருப்பூருக்குப் போய்ப் பனியனாகி, கப்பலேறி, ஏதோ குளிர் தேசத்துக் கடையில் தொங்குகிறதாம். அந்தக் கடைக்காரனுக்குத் திடீரென்று ஒரு விசாரம்: இந்த நூலை நூற்றவர்களில் யாராவது அடிமைகள் உண்டா? கேட்டுவர ஆள் அனுப்புகிறான். பெர்சனல் மேனேஜர் கமலக்கண்ணன் சார் இதைச் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடிமையா? சங்கிலி எங்கே, சவுக்கு எங்கே? வாரத்துக்கு ஒருநாள் முட்டை போடுகிறோம்.

"சிரிக்காதீங்க கோகிலம்மா. இதுல ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா ஆர்டர் போயிரும். ஆர்டர் போச்சுன்னா மொதல்ல போறது நீங்கதான்."

சிரிப்பு நின்றது. அதிரசம் ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மாடி அறைப் பிள்ளைகளுக்கெல்லாம் பேன் பார்த்தேன். எனக்கும் இருக்கிறது.

பிப்ரவரி 5, புதன்

பிள்ளைகளுக்குப் பதில் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. கேள்வி என்னென்ன வரும் என்று சாருக்குத் தெரிந்திருக்கிறது. வேலை எவ்வளவு நேரம்? எட்டு மணி. லீவு கேட்டால்? உடனே உண்டு. கைப்பேசி? எங்களிடமே இருக்கிறது.

இந்தக் கடைசிப் பதிலைச் சிரிக்காமல் சொல்லத்தான் பழக வேண்டியிருக்கிறது. சேருகிற அன்றே பிள்ளைகளின் போனை வாங்கி பிஸ்கட் டின்னில் போட்டு என் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று, விடுதி போனில், ஸ்பீக்கரைப் போட்டு, என் முன்னால் வீட்டுக்குப் பேசிக்கொள்ளலாம். நான் கேட்டுத்தான் ஆக வேண்டும், கடமை. எவள் வீட்டில் எந்தச் சித்தப்பா எந்த வரப்பை வெட்டினார் என்பதெல்லாம் எனக்கு அவர்களைவிட அத்துப்படி. டிவி சீரியல் பார்ப்பதை விட்டே ரொம்ப நாளாகிறது.

ஷிப்டு முடிந்து வரும் பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் இருக்கிறார்கள். "வேலை எவ்வளவு நேரம்?" என்றால் ஒருத்தி "எங்களிடமே இருக்கிறது" என்கிறாள். தலையில் அடித்துக்கொண்டேன். அப்போதுதான் அந்த அருமையான யோசனை வந்தது. பாட்டாக்கிவிட்டால்?

எட்டுமணி வேலையம்மா எங்க மில்லிலே
இஷ்டம்போல லீவு உண்டு எங்க மில்லிலே
கட்டாயந்தான் ஏதுமில்ல எங்க மில்லிலே
கைப்பேசியும் கையில் உண்டு எங்க மில்லிலே

கும்மி மெட்டு. பி.ஏ. தமிழ் படித்ததற்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பலன். என் தவளைக் குரலில் பாடியபோது ஒருவரும் அசையவில்லை. நாகஜோதி வாங்கிப் பாடினாள் பாருங்கள், தூங்கிக்கொண்டிருந்ததெல்லாம் எழுந்து கைதட்டிச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. கடலாடிப் பக்கத்துப் பெண். அப்பா இல்லை, அம்மா மட்டும். சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகிறது. மூன்றாவது வருஷத்தையும் முடித்தால் கல்யாணத்துக்கென்று ஒரு தொகை மொத்தமாகக் கிடைக்கும். நடுவில் போனால் கிடையாது. அதுதான் இங்கே எல்லாருக்கும் ஏற்பாடு.

"வார்டம்மா, நெசமாவே இஷ்டம்போல லீவு உண்டா?" என்றாள் சுற்றிக்கொண்டே.

"பாட்டுல உண்டு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

பிப்ரவரி 6, வியாழன்

சமையல்கார ஒச்சம்மாவுக்கும் காய்கறி வேன்காரருக்கும் ஏதோ நடக்கிறது. இன்று கத்தரிக்காயில் ஒன்றுகூடச் சொத்தை இல்லை. சொத்தையில்லாத கத்தரிக்காயை ஆண்பிள்ளை சும்மா கொண்டுவந்து போடுவானா? கேட்டால், "ஏத்தா, ஒனக்கு சொத்தக் கத்திரிக்காதான் ஒத்துக்கிடுமோ?" என்கிறாள். ஒச்சம்மாவுக்கு வயது அறுபதைத் தொட்டுவிட்டது. இருந்தாலும் கண்ணில் மை.

வேறென்ன? மொட்டை மாடியில் மிளகாய் காயப் போட்டோம். கீழே தண்ணீர்த் தொட்டி கழுவினோம்.

மதியம் ஒரு போன் வந்தது. நாகஜோதியின் தாய்மாமன். அவள் அம்மாவுக்கு மூச்சுத்திணறல். கிட்னி ரெண்டும் சரியில்லையாம். ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். "கண்ணத் தொறந்தா மகளத்தான் கேக்குது. அனுப்பிவிடுங்கம்மா" என்றார். சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஆடிட் முடிகிறவரை யாருக்கும் லீவு இல்லை, அதுவரை அவளிடம் வாயைத் திறக்க வேண்டாம் என்றார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்றாலே பாதி குணமான மாதிரிதான். ஒரு வாரம்தானே.

பிப்ரவரி 7, வெள்ளி

நாகஜோதிக்கு இன்று தோசை ஒன்று கூடுதலாக வைத்தேன். "ஏன் வார்டம்மா எனக்கு மட்டும்?" என்றாள். பாடுகிறவளுக்குத் தொண்டை நன்றாக இருக்க வேண்டும் என்றேன். தோசைக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை.

யாரிடமும் சொல்லக் கூடாது என்றதால் ஒச்சம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு மறுபடி அரிய ஆரம்பித்தாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று போன் நாள். நேற்றெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன்: விடுதி போன் தண்ணீர் வாளியில் விழுந்துவிட்டது. நனைந்த போனை என்ன செய்வார்கள்? அரிசிக்குள் புதைப்பார்கள். எல்லாருக்கும் முன்னால், சமையலறை அரிசி டிரம்மில் அதை அடக்கம் செய்தேன். முகத்தைக்கூடத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

ஒருத்திக்காக விடுதி முழுவதற்கும் வீட்டுக்குரல் இல்லாமல் போனது. முணுமுணுத்தார்கள், வரிசையில் முதலில் நின்ற நாகஜோதி மட்டும் என்னைத் தேற்றினாள். "போனாப் போகுது வார்டம்மா, நீங்களா வேணும்னு போட்டீங்க?"

அந்த நேரம் பார்த்து அரிசிக்குள்ளிருந்து முருகன் பாட்டு எழும்பியது.

அணைத்துவைக்க மறந்திருக்கிறேன். முட்டாள், முட்டாள். "செத்த போனு பேசுதுடி!" என்று அந்தோணியம்மாள் குதித்தாள். நாகஜோதி சட்டென்று டிரம்முக்குள் முழங்கைவரை கையை விட்டாள். அடிப்பது மாமாவாக இருந்தால், அந்த நம்பர் அவளுக்கு மனப்பாடமாக இருக்கும். நான் பாய்ந்தேன். என் உடம்பு பாய்ந்து யாரும் பார்த்ததில்லை, நானே பார்த்ததில்லை. அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்ததில் அரிசி தரையெல்லாம் கொட்டியது.

"அலாரம்டி, அலாரம்."

"பாட்டால்ல வந்துச்சு?"

"பாட்டு அலாரம்."

நாகஜோதி உட்கார்ந்து, சிந்திய அரிசியை ஒன்றுவிடாமல் பொறுக்கி முறத்தில் போட்டாள். அந்தோணியம்மாள் என்னையும் டிரம்மையும் மாறிமாறிப் பார்த்தாள். எனக்குப் படபடப்பு அடங்க மத்தியானம் ஆகிவிட்டது. ரத்தக்கொதிப்பு மாத்திரை ரெண்டாகப் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

மாடிக்குப் போய் நாகஜோதியின் மாமாவுக்கு நானே போன் போட்டேன். துணி காயப்போடுகிற சாக்கு.

"நேத்து போனே எடுக்கலையேம்மா?"

"டவர் கிடைக்கல. இப்ப எப்படி இருக்காங்க?"

"இன்னைக்குக் காலைல நல்லாப் பேசுச்சு. மக வந்துக்கிட்டு இருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். அவளுக்கு வெஞ்சனத்துக்குக் கருவாடு வாங்கி வையிங்கன்னு எங்கிட்டயே சொல்லுது. எப்ப அனுப்புறீக?"

"இந்தா அனுப்பிடுறோம்" என்றேன்.

அங்கிருந்து நேராகச் சாரிடம். இந்த முறை நன்றாகவே பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். "பாவம் சார், பொம்பளப்புள்ள" என்றேன். அவர் ஃபேனைக் கூட்டி வைத்தார்.

"கோகிலம்மா, இன்னும் மூணு நாளு. இப்ப சொன்னா அழுதுகிட்டே போவா. மத்ததுகளும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு ஆடிட்டுல உக்காரும். போதாததுக்கு, பாட்ட எடுத்துக் குடுக்குறவளே அவதான்னு சொல்றீங்க. முடிஞ்ச மறுநிமிஷம் நானே கார் வச்சு அனுப்புறேன். மனுசங்கதானே நாமளும்?" பிறகு, பேச்சோடு பேச்சாக, "உங்க ரூமுக்கு வெள்ளையடிக்கணும்னு சொன்னீங்களே, செஞ்சிரலாம்" என்றார்.

என் ரூம். புருஷன் கிளம்பிப்போன பிறகு எனக்கென்று உள்ள ஒரே ரூம். இதை விட்டால் தம்பி வீட்டு மாடிப்படிக்குக் கீழே, சைக்கிளுக்குப் பக்கத்தில். வெள்ளை வேண்டாம், இளம்பச்சை அடிக்கச் சொன்னேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஒத்திகை. ஆடிட்டர் வேஷம் எனக்கு. டைனிங் ஹாலில் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, "வாட் இஸ் யுவர் குட் நேம்?" என்று நான் நுழைந்ததும் பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். "ஆடிட்டர் சேலை இடுப்புல கிழிஞ்சிருக்கு" என்றாள் அந்தோணியம்மாள். கேள்வி கேட்கக் கேட்க, தலையை ஆட்டித் தாளம் பிடித்துக்கொண்டு பதில் டக்டக்கென்று வந்தது. ஒரு பிசகில்லை. சார் கதவோரம் நின்று பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். ரொம்ப நாளுக்குப் பிறகு எனக்கு ஒரு பெருமை.

சாயங்காலம் இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைப் பாய்ச்சலின் பலன். நாகஜோதி தைலம் தேய்த்துவிட வந்தாள். நான் கேட்கவில்லை, அவளாக வந்தாள்.

"எங்கம்மாவுக்கு இப்பிடித்தான் தேச்சு விடுவேன். கையி சூடாருக்குன்னு சொல்லும். இந்த வாரம் பேசாதது ஒரு மாதிரியா இருக்கு வார்டம்மா. அதுக்கும் இருக்கும்ல?"

குப்புறப் படுத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. தலையணைக்குள் "ம்" என்றேன்.

பிப்ரவரி 12, புதன்

பிஸ்கட் டின்னைத் திறந்து அவரவர் போனை அவரவரிடம் கொடுத்தாயிற்று. ஆடிட்டர் பார்த்தால் கையில் இருக்க வேண்டும். ஆனால் ஒன்றிலும் சார்ஜ் இல்லை. சார்ஜர்கள் சாரின் மேஜையில். பிள்ளைகள் அந்தக் கறுப்புக் கண்ணாடியையே தடவித் தடவிப் பார்க்கிறார்கள். நாகஜோதி தன்னுடையதை முந்தானையில் துடைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

மாமாவின் போன் இன்று வரவில்லை. வராதது நல்லதா, கெட்டதா?

பிப்ரவரி 13, வியாழன்

ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வாசலில் பெரிய கோலம் போட்டு, கேட்டை விரியத் திறந்து வைத்தோம். வெள்ளைக்காரி வருவாள் என்று எதிர்பார்த்துக் கொண்டையில் பூ வைத்துக்கொண்டேன். வந்தவள் நாகர்கோவில்காரி, ஹெலன் என்று பெயர். என்னைவிட நாலைந்து வயது இளையவள். காட்டன் சேலை, தோளில் துணிப்பை. சாப்பாட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டு, டைனிங் ஹாலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளைகளை ஐந்தைந்து பேராக வரச்சொன்னாள். சார், நான், யாரும் கூடாதாம்.

கூடாது என்றால் விட்டுவிடுவேனா? சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் சாப்பாடு நீட்டுகிற ஜன்னல் இருக்கிறது. அதன் அடியில், உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"வேலை எவ்வளவு நேரம்மா?"

"எட்டுமணி வேலையம்மா எங்க மில்லிலே." ஐந்து குரலும் ஒன்றாக. பேச்சாகச் சொல்லச் சொல்லிக்கொடுக்க மறந்தே போனேன். பாட்டாகவே வந்துவிட்டது!

ஹெலன் எதையோ எழுதிக்கொண்டாள். "லீவு?" என்றாள்.

"இஷ்டம்போல லீவு உண்டு எங்க..." இந்த முறை ரெண்டு குரல்தான். அதுவும் பாதியில் நின்றது. வெளியே தாழ்வாரத்தில் தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்கள், உள்ளே மெட்டைக் கேட்டதும் பழக்கதோஷத்தில் கைதட்டத் தொடங்கியிருந்தார்கள்.

"நல்ல பாட்டு. யாரு சொல்லித் தந்தது?" என்றாள் ஹெலன், கோபமில்லாமல்.

"வார்டம்மா" என்றாள் நாகஜோதி, பெருமையாக.

"செரி. பாட்டு போதும். ஒண்ணே ஒண்ணு கேக்கட்டா? இங்க பக்கத்துல பஸ் ஸ்டாப்பு எங்க இருக்கு?"

இதற்குப் பாட்டில் வரி இல்லை. அவர்களை ஊரிலிருந்து ஏற்றிவந்தது மில் வேன். பொங்கலுக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவதும் மில் வேன். ரெண்டு வருஷம், மூன்று வருஷமாக இங்கே இருக்கிற பிள்ளைகள். ஒருத்தி மேற்கே கை காட்டினாள், ஒருத்தி கிழக்கே.

"எதுக்கு மேடம் பஸ் ஸ்டாப்பு? கேட்டு பூட்டிருக்கும்" என்றாள் அந்தோணியம்மாள்.

"அப்ப, திடீர்னு வீட்டுக்குப் போகணும்னா என்ன செய்வீங்க?"

"வார்டம்மாட்ட சொல்லுவோம்" என்றாள் நாகஜோதி. "அவுக கூட்டிட்டுப் போயி விடுவாக."

உருளைக்கிழங்கு மூட்டை என்னைக் குத்தியது. எழுந்திருக்கவும் முடியவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டாள். எதிரே உட்கார்ந்தேன். "பிள்ளைகளுக்கு வீட்டுலயிருந்து அவசரச் செய்தி வந்தா எப்ப சொல்லுவீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி. "உடனே" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்தாள். அடுத்த கேள்வி வரும் என்று பார்த்தேன், வரவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். என்னைத் திட்டலாம், அடிக்கக்கூடச் செய்யலாம். பேசாமல் மட்டும் இருக்கக் கூடாது. அந்தப் பள்ளத்தை நான் ஏதாவது கொட்டி நிரப்பியாக வேண்டும். தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் சொன்னேன். பேன் சொன்னேன். ஒச்சம்மா, வேன்காரர், கத்தரிக்காய் சொன்னேன். அதிரசம் சொன்னேன். அவள் சிரித்தாள், ஆனால் பேசவில்லை. அரிசிக்குள் போன் அடித்ததை வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில்தான் அதன் வால் எங்கே போய் முடியும் என்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் வாய் ஓடிவிட்டது.

"...பின்ன என்ன மேடம் செய்றது, அவ அம்மா ராமநாதபுரம் ஆஸ்பத்திரில கெடக்குறது தெரிஞ்சா இந்தப் பாட்ட யாரு எடுத்துக் குடுப்பா?"

ஹெலன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். எனக்கு வெற்றிலைப்பாக்கு டப்பாவைக் கொண்டுவந்த நாகஜோதி அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஆடிட் நேரத்தில் எனக்குப் படபடப்பு வரும் என்று அவளாகக் கொண்டுவந்திருக்கிறாள்.

அவள் கத்தவில்லை. "எங்கம்மாவா?" என்று மட்டும் கேட்டாள். டப்பாவைப் பெஞ்சின்மேல் பதமாக வைத்தாள்.

சார் கார் ஏற்பாடு செய்தார். இதெல்லாம் தனக்குத் தெரியவே தெரியாது என்று ஹெலனிடம் சொல்லிக்கொண்டே ஏற்பாடு செய்தார். நானும் கூடப் போகிறேன் என்றேன். நாகஜோதி காரின் முன்கதவைத் திறந்து டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பின்சீட்டில் ஹெலன் ஏறினாள். எனக்கு இடம் இருந்தது, யாரும் நகரவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

அவள் மாமா பேசினார். போய்ச் சேர்ந்துவிட்டாளாம். அம்மா உயிரோடு இருக்கிறார். மகளைத் தெரியவில்லை, பேச்சு இல்லை. திங்கட்கிழமை ராத்திரியோடு பேச்சு நின்றுவிட்டதாம்.

பிப்ரவரி 15, சனி

பதினொரு மணிக்கு. அவள் அம்மா.

பிப்ரவரி 17, திங்கள்

சாம்பாரில் உப்பு அதிகம். ஒச்சம்மாவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

என் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

பிள்ளைகள் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார்கள். அந்தோணியம்மாள்கூட. அவளுக்கு ஊரிலிருந்து மறுபடி பொட்டலம் வந்தது. என் முன்னால் கொண்டுவந்து தானே பிரித்து, "பாத்துக்கங்க" என்று நீட்டினாள். ஒரு கேலி, ஒரு குத்தல் கிடையாது. முறுக்கு. நான் தொடவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

நாகஜோதி தன் பெட்டியை எடுத்துப்போக வந்தாள். மாமா ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். அவள் உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். என்ன பேசுவதென்று தெரியாமல், சாப்பிட்டியா, ஆட்டோக்காரர் எவ்வளவு கேட்டார், ரோடு போட்டுவிட்டார்களா என்று என்னென்னவோ கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

பிறகு கேட்டாள். "மாமா மொதமொத போன் பண்ணுனது என்னைக்கு வார்டம்மா?"

"திங்கக்கெழம" என்றேன். "திங்கக்கெழம ராத்திரி."

பேச்சு நின்ற பிறகுதான் சேதி வந்தது என்றால், முன்னமே போயிருந்தாலும் பேசியிருக்க முடியாது என்று அவள் மனம் ஆறுமே. அவளுக்காகச் சொன்ன பொய் இது. பாதி அவளுக்காக.

அவள் பெட்டியை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"மாமா வியாழக்கெழமன்னு சொன்னாரு" என்றாள். "வாரேன் வார்டம்மா."

"வாரேன்" என்றுதான் சொன்னாள். போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள்.

மார்ச் 10, திங்கள்

ஆடிட் முடிவு வந்துவிட்டது. ஆர்டர் போகவில்லை. திருத்திக்கொள்ள மில்லுக்கு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். போன் பிள்ளைகளிடமே இருக்க வேண்டும், சார்ஜோடு. பகலில் வெளியே போய்வர யாரையும் கேட்க வேண்டியதில்லை. நடுவில் வேலையை விட்டாலும் அதுவரை சேர்ந்த தொகையைக் கொடுக்க வேண்டும், நாகஜோதிக்கு முதலில். இதையெல்லாம் வாசித்துவிட்டுச் சார், "நிர்வாகத்துக்குத் தெரியாம வார்டன் செஞ்ச காரியம்னு நாங்க பதில் குடுத்துட்டோம். மனசுல வச்சுக்காதீங்க" என்றார். மாதக் கடைசியோடு நான் போகலாமாம்.

ஒச்சம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். "நானா இந்த மில்லக் கட்டுனேன்? நானா சட்டம் போட்டேன்? சொன்னதச் செஞ்சேன். என் கையில என்ன இருந்துச்சு, நீயே சொல்லு!"

"ஏத்தா, எங்கிட்டக் கேட்டா?" என்றாள் ஒச்சம்மா. "நானுந்தான் வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு இருந்தேன்."

நான் சாதாரண வார்டன். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

மார்ச் 12, புதன்

திருத்தங்களில் முதலாவது, விடுதி கேட்டின் பூட்டை அகற்றுவது. பிள்ளைகள் சொன்னதை வைத்து எழுதியிருக்கிறார்கள். அகற்றியதைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். மெயின்டனன்ஸ் ஃபிட்டர் சோலைராஜ் கட்டிங் மெஷினோடு வந்தார். கேட்டை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தார். குனிந்து பார்த்தார். வெயிலில் நின்று தலையைச் சொறிந்தார். அந்தோணியம்மாளும் நாலைந்து பிள்ளைகளும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள்.

"பூட்டு எங்கக்கா?" என்றார்.

பூட்டு கிடையாது. நான் வந்த நாளிலிருந்து கிடையாது. ஒரு கொண்டி மட்டும்தான், உள்பக்கமாக. அதன் முன்னால் என் நாற்காலி.